‘போரை நான் கொலைன்னுதான் சொல்லுவேன்’: பிக்லோ பேப்பர்ஸை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1846 ஜூன் 17 அன்று ‘பாஸ்டன் கூரியர்’ பத்திரிகையில் ஒரு விவசாயியின் கடிதம் வெளியானது. எழுதியவர் ஜாலம் என்ற ஊரைச் சேர்ந்த எசேக்கியேல் பிக்லோ. வரிக்கு வரி எழுத்துப்பிழை. மகன் ஹோசியா போன வாரம் பாஸ்டன் போயிருந்தானாம். அங்கே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு சார்ஜென்ட், ஒற்றைக் குஞ்சை வைத்துக்கொண்டு அலட்டும் கோழி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தானாம், பின்னால் இரண்டு பேர் முரசும் குழலுமாக. தொப்பியில் இருபது சேவல் வால், தோளிலும் கோட்டிலும் மினுங்கும் பித்தளை. நாட்டுப்புறத்துப் பையன்தானே, சுலபமாக மடக்கிவிடலாம் என்று ஹோசியாவிடம் வந்திருக்கிறான். பையன் மசியவில்லை. ஆனால் கொதித்துப்போய் வீடு திரும்பியவன் ராத்திரி தூங்காமல், ஈ மொய்க்கும் காலத்தில் கட்டைவால் காளை எப்படித் தவிக்குமோ அப்படிப் புரண்டுகொண்டிருந்தான். பிள்ளைக்குக் காலராவோ என்னமோ என்று அம்மா பயந்துபோக, அப்பா சொல்கிறார்: பயப்படாதே, அவன் கவிதை பண்றான். ‘பொயட்ரி’ என்று வரவேண்டிய இடத்தில் அந்த மனிதர் ‘பாட்டரி’ என்று எழுதியிருக்கிறார், அதாவது மண்பாண்டம்.

அப்படி ஒரு அப்பாவும் கிடையாது, மகனும் கிடையாது, ஜாலம் என்ற ஊரும் கிடையாது. எல்லாவற்றையும் எழுதியவர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல், ஹார்வர்டில் படித்து முடித்த, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பெரிய வீட்டில் பிறந்த 27 வயதுக் கவிஞர். அமெரிக்கா அப்போது மெக்சிகோ மீது தொடுத்திருந்த போரை எதிர்த்து, யாங்கி என்று அழைக்கப்படும் வடகிழக்கு அமெரிக்கக் கிராமத்து மக்களின் பேச்சு வழக்கில் அவர் எழுதிய நையாண்டிக் கவிதைகள்தான் ‘பிக்லோ பேப்பர்ஸ்’. முதல் தொடரில் மொத்தம் ஒன்பது. 1848 நவம்பரில் புத்தகமாக வந்தது, முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் ஒரே வாரத்தில் தீர்ந்தன.

இன்று அமெரிக்காவிலேயே இதை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. காரணம் எளிது, பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்துக்கூட்டல் கண்ணை மிரட்டுகிறது. நானும் முதல் முறை கண்ணால் படிக்கப் பார்த்துப் பத்து வரியில் மூடிவைத்தவன்தான். பிறகு சரியான வரிசை பிடிபட்டது. போருக்கு எதிராக மனிதர்கள் எழுதிய கவிதைகளில் இது எனக்கு மிக நெருக்கமான ஒன்று என்பதால், அந்த வரிசையை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். காப்புரிமை எப்போதோ முடிந்த புத்தகம், ப்ராஜெக்ட் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: போரின் கதையை அரை மணி நேரம் படித்துக்கொள்ளுங்கள்

இது இல்லாமல் உள்ளே போனால் ஒவ்வொரு பெயரும் தடுக்கும். தேவையானது இவ்வளவுதான்.

டெக்சாஸ் 1845 இறுதியில் அமெரிக்காவின் மாநிலமானது, அடிமை முறை உள்ள மாநிலமாக. அதன் தெற்கு எல்லை நுவேசஸ் ஆறு என்றது மெக்சிகோ, இல்லை ரியோ கிராண்டே என்றார் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க். இரண்டு ஆற்றுக்கும் நடுவே இருந்த நிலத்துக்கு ஜெனரல் சக்கரி டெய்லரின் படையை அனுப்பினார். 1846 ஏப்ரலில் அங்கே மோதல் நடந்தது. உடனே, அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார் போல்க். யாருடைய மண் என்பதே வழக்காக இருந்த இடம் அது. மே 13 அன்று போர்ப் பிரகடனம். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 174, எதிர்ப்பு 14. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ், அப்போது அவருக்கு வயது 78. கூடவே 50,000 தன்னார்வ வீரர்களைச் சேர்க்க அனுமதி. பாஸ்டன் தெருவில் முரசோடு திரிந்த சார்ஜென்ட் அந்தக் கணக்கில் வந்தவன்.

வடக்கே அடிமை முறையை எதிர்த்தவர்கள் இந்தப் போரை எப்படிப் பார்த்தார்கள் என்பது முக்கியம். மெக்சிகோவிடமிருந்து பிடுங்கும் நிலத்தில் புதிய அடிமை மாநிலங்களை உருவாக்கத்தான் இது நடக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். லோவெலும், அவருடைய மனைவி மரியா ஒயிட்டும் அந்தப் பக்கம். 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தோடு போர் முடிந்தபோது, டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கும் மேல் இழந்திருந்தது. அமெரிக்கா கொடுத்தது 1.5 கோடி டாலர். கலிபோர்னியா அப்படித்தான் கைமாறியது.

தேதியைக் கவனியுங்கள், புத்தகம் வந்தது போர் முடிந்த பிறகு. ஆனால் கவிதைகள் போர் நடந்தபோதும் அது முடிந்த கையோடும், ‘பாஸ்டன் கூரியர்’ பத்திரிகையிலும் அடிமை முறைக்கு எதிரான ‘நேஷனல் ஆன்டி-ஸ்லேவரி ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையிலும் வந்துகொண்டிருந்தன. காலையில் செய்தி, சில நாளில் பாட்டு என்கிற வேகத்தை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

படி 2: கண்ணை மூடிவைத்து வாயைத் திறவுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சத்தமாகப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத சொல் காதுக்கு உடனே புரியும். தமிழில் ‘வெசனம்’, ‘எளவு’, ‘கெணறு’ என்று அச்சில் பார்க்கும்போது ஒரு நொடி தடுமாறி, வாயால் சொன்னவுடன் பாட்டி குரலில் கேட்குமே, அதே அனுபவம்தான்.

புத்தகத்திலேயே யாங்கி உச்சரிப்புக்கு ஏழு விதிகள் தரப்பட்டிருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், ‘ர்’ ஒலியை முடிந்தவரை விழுங்கிவிடுவார்கள். சொல் இறுதியில் ‘ங்’ வந்தால் ‘ன்’ ஆகும், ‘ஹேண்ட்’ என்பது ‘ஹேன்’ என்று நிற்கும். ‘ஹேவ்’ என்பது ‘ஹெவ்’, ‘தேட்’ என்பது ‘தெட்’, ‘ஆஸ்’ என்பது ‘எஸ்’. ‘வென்’, ‘வைல்’ போன்றவற்றில் எழுத்தில் இருக்கும் ‘ஹெச்’சைத் தூக்கிவிடுவார்கள். இன்னும் இரண்டு விதிகள் உயிரெழுத்து பற்றியவை, அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது: இப்படித் தாளித்த பதார்த்தத்தின் மேல், மூக்கால் இழுத்துப் பேசும் இழுவையை வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளவும்.

பத்து நிமிஷம் பழகினால் போதும். ‘எஸ் ஃபர் வார், ஐ கால் இட் மர்டர்’ என்ற வரியை மூன்று முறை சொல்லிப் பாருங்கள். நான்காவது முறை அது உங்கள் வாயில் உட்கார்ந்துவிடும்.

படி 3: முதல் கவிதையோடு ஒரு முழு மாலை உட்காருங்கள்

அவசரப்பட வேண்டாம். மற்ற எட்டும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஹோசியா முதலில் பேசுவது முரசடிப்பவனிடம். அடி அடி, நல்லா அடி, ஆனால் விவரம் தெரிந்த மாடு பூசணம் பூத்த சோளத்தைக் காட்டினால் வந்து மாட்டாது என்கிறான். முதல் நான்கு வரியிலேயே தேசபக்தி முழக்கம் முழுவதும் மாட்டுக்குக் காட்டும் கெட்டுப்போன தீனி ஆகிவிட்டது. இதை நியாயமான ஆங்கிலத்தில், ‘இளைஞர்களே, பொய்யான பெருமைக்கு மயங்காதீர்கள்’ என்று எழுதியிருந்தால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். தீனி வைத்துப் பழகியவன் சொல்வதால்தான் அது ஒட்டுகிறது.

இந்தக் கவிதையின் சந்தத்தையும் கவனியுங்கள். எட்டு அசை, ஏழு அசை, மறுபடி எட்டு, மறுபடி ஏழு, ஒவ்வொரு வரியும் அழுத்தமான அசையில் தொடங்குகிறது. முரசின் தாளம் அது. தேவாலயத்தில் பாடும் துதிப்பாட்டுகளில் நிறைய இருக்கும் அளவும் அதுதான். சார்ஜென்டின் தாளத்தையே எடுத்து, கோயில் பாட்டாக மாற்றி, அவன் முகத்தின் மேல் அடிக்கிறான் பையன்.

நடுவில் வருகிறது அந்தப் புகழ்பெற்ற பகுதி. போரை நான் கொலை என்றுதான் சொல்லுவேன், பளிச்சென்று சொல்லிவிட்டேன், இதற்கு வேதப் புத்தகத்தைத் தாண்டிப் போக எனக்கு அவசியமே இல்லை என்கிறான். அதற்கு அடுத்த கண்ணியின் கடைசி நான்கு வரியை என் பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன்:

பட்டாக்கத்திய உருவி ஒருத்தன்
வயித்துல நீ சொருவுனா,
கவருமெண்டா வந்து பதில் சொல்லும்?
சாமி பில்ல ஒனக்குத்தான் அனுப்பும்.

‘பில்’ என்ற சொல் மூலத்திலேயே இருக்கிறது. கடைக்காரன் அனுப்பும் கணக்குச் சீட்டு. பாவம், தண்டனை, நியாயத்தீர்ப்பு என்ற பெரிய சொற்கள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கடனுக்குச் சாமான் வாங்கியவனுக்கு என்ன வரும் என்பதை மட்டும் சொல்கிறான். உத்தரவு போட்டது அரசாங்கம், நான் செய்தேன், எனக்கென்ன என்ற சமாதானத்துக்கு இதைவிடச் சின்ன பதிலை நான் படித்ததில்லை.

அப்புறம் அரசியல் வருகிறது, நேரடியாகவே. கலிபோர்னியா அவர்களுக்கு எதற்கு வேண்டும், புதிய அடிமை மாநிலங்களை உள்ளே இழுத்து உன்னையே ஏய்க்கத்தான் என்கிறான். தன் சொந்த மாநிலத்தையும் விடுவதில்லை. மாசசூசெட்ஸும் மற்றவர்களோடு சேர்ந்து மண்டியிடுகிறாளே, கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்கிறான். இதன் பின்னால் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. மாசசூசெட்ஸின் நெசவாலைகள் ஓடியதே தெற்கத்தி அடிமைகள் பறித்த பருத்தியில்தான். அடிமை முறை எங்கோ தெற்கே நடப்பது என்று பாஸ்டன்காரர்கள் கையைக் கழுவ முடியாது என்பதை அந்த ஒற்றை ‘மண்டியிடுகிறாள்’ சொல்லிவிடுகிறது.

படி 4: மூன்று குரல்களைப் பிரித்துக் கேளுங்கள்

இந்தக் கவிதைகளில் முக்கியமாகப் பேசுபவர்கள் மூவர். ஹோசியா, ஜாலம் தேவாலயத்தின் போதகர் ஹோமர் வில்பர், பட்டாளத்தில் சேர்ந்த பேர்டோஃப்ரீடம் சாவின். பேர்டோஃப்ரீடம் என்றால் சுதந்திரப் பறவை, அமெரிக்கக் கழுகுக்குச் சொல்லும் பட்டப்பெயர், அதை ஒரு சோம்பேறிக்கு வைத்திருக்கிறார் லோவெல்.

ஹோசியா எப்படிப் பிறந்தான் என்று லோவெல் பிற்பாடு, 1867 இல் வந்த இரண்டாம் தொடரின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அடிமை முறை எதிர்ப்புக் கூட்டங்களில் அவர் அடிக்கடி பார்த்த மனிதர்கள் இருந்தார்கள். உள்நாட்டுக் கிராமத்திலிருந்து வருபவர்கள், பள்ளிக்கூட ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள்தான், ஆனால் தன்னை மறந்து சூடாகும்போது தானாகவே சொந்தப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். ஹோசியா அவர்களில் ஒருவன்.

நான் இந்த இடத்தில்தான் நிறைய நேரம் நின்றேன். வட்டார வழக்கு என்றதும் நாம் சிரிப்பை எதிர்பார்க்கிறோம், கிராமத்தான் பேசினால் கேலி என்று பழகிவிட்டோம். லோவெல் அந்தப் பழக்கத்தைத் திருப்பிப்போட்டார். ஹோசியாவின் கொச்சை அறியாமையிலிருந்து வரவில்லை, கோபத்திலிருந்து வருகிறது. பள்ளிக்கூட மொழி மரியாதைக்கு. உள்ளே எரியும்போது வாயில் வருவது வீட்டு மொழி. அது வாய்க்கு வந்துவிட்டால் அந்த மனிதன் பொய் சொல்லவில்லை என்று கேட்பவனுக்குத் தெரியும். சிரிப்பு வருகிறது, வராமல் இல்லை, ஆனால் ஹோசியாவைப் பார்த்து வரவில்லை.

போதகர் வில்பர் லத்தீன் மேற்கோளும் நீண்ட அடிக்குறிப்புமாக எழுதுபவர். புத்தகத்தின் பதிப்பாசிரியரே அவர்தான் என்று முகப்பில் போட்டிருக்கும். கொச்சையிலேயே எல்லாவற்றையும் சொன்னால் ஆழமான நம்பிக்கை மலிவாகிவிடுமோ என்று லோவெலுக்கு ஒரு பயம், அதனால்தான் அவரைப் படைத்தார். ஹோசியாவுக்கு எதிராளியாக இல்லை, துணையாக. என் ஆலோசனை: முதல் சுற்றில் வில்பர் எழுதியதையெல்லாம் தாண்டிப் போங்கள். இரண்டாம் சுற்றில் திரும்பி வாருங்கள், அப்போது அந்த மெதுவான பேச்சுக்குள் எவ்வளவு கண்டிப்பு இருக்கிறது என்று தெரியும்.

படி 5: சாவினின் கடிதங்களை வரிசையாகப் படியுங்கள், இடையில் நிறுத்தாமல்

இரண்டு, எட்டு, ஒன்பது. இந்த மூன்றும் சாவின் ஊருக்கு எழுதும் கடிதங்கள், அவற்றைப் பாட்டாக மாற்றுபவன் ஹோசியா. சந்தமே வேறு, நீள நீளமான வரிகள், வாயில் வந்ததையெல்லாம் கொட்டும் ஆள்.

முதல் கடிதம் மெக்சிகோவின் சால்ட்டியோவிலிருந்து. நம்ம ஊர் அக்டோபர் கவாத்து மாதிரி இல்லை இது என்று ஆரம்பிக்கிறான், அங்கேயென்றால் மழை வருகிற மாதிரி இருந்தாலே வீட்டுக்கு ஓடிவிடலாம். ஒரு ராத்திரி ஆட்டம் பாட்டம் நடக்கிற இடத்துக்குப் போகக் கிளம்பியவனைக் காவலுக்கு நின்றவன் தடுக்கிறான். சாவின் மீறிப் போக, காவல்காரன் கையில் இருந்த ‘ஒற்றைப் பல் வைக்கோல் முள்’ளால் ஒரே குத்து. துப்பாக்கிச் சனியனுக்குத்தான், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திக்குத்தான், அந்தப் பெயர். வைக்கோல் அள்ளியே வளர்ந்தவன் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும், போருக்கென்று தனிச் சொல் அவனிடம் இல்லை.

சம்பளத்தைப் பற்றியும் புலம்புகிறான். ஆளைக் கொல்வதற்கு ஒரு நாளைக்கு ஒன்பது பென்ஸ், கொலைக்கு இது ரொம்பக் குறைச்சல். ஊரில் சபை மூப்பர் ஒருவருக்கு மாடு அறுத்துக் கொடுத்தபோது எவ்வளவு பஞ்சக் காலத்திலும் பத்து ஷில்லிங் கைக்கு வருமே என்கிறான். இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ‘மர்டர்’ என்ற சொல்லை முதல் கவிதையில் ஹோசியா சொன்னான், மனசாட்சியிலிருந்து. இரண்டாவதில் சாவின் அதே சொல்லைக் கூலிக் கணக்கில் சொல்கிறான். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பேச்சு. கொச்சையாகப் பேசுபவன் எல்லாம் நல்லவன் என்று லோவெல் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் பேராசைக்காரன் வாயிலிருந்துகூட உண்மை நழுவி விழுகிறது பாருங்கள், அதற்குத்தான் சாவின்.

மெக்சிகோக்காரர்கள் மனிதர்களே இல்லை, குரங்குக் கூட்டம் என்று நம்பித்தான் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அங்கே போய்ப் பார்த்தால், நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே என்கிறான். அந்த வரியை எழுத ஒரு முட்டாள் தேவைப்பட்டான். புத்திசாலி யாரும் அதைக் கண்டுபிடிப்பாகச் சொல்ல முடியாது.

எட்டாவதில் திரும்பி வருகிறான். ஒரு கால் போய்விட்டது, ஒரு கண் போய்விட்டது, இடது கை இல்லை, வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம், உடைந்த விலா எலும்பு ஆறோ என்னமோ, எண்ணவில்லை. மரக்காலில் ஒரு லாபம் உண்டு, குடித்தால் அந்தக் காலுக்குள் சாராயம் இறங்காது. சிரித்துக்கொண்டே வருகிறோம், திடீரென்று ஒரு வரி: அடி வாங்குவது நாங்கள், போர் என்கிற அரைவை மில்லில் கொட்டும் தானியம் நாங்கள், காசு பொறுக்க உரிமை உள்ளவன் லெப்டினென்ட்டில்தான் ஆரம்பிக்கிறான். சோளம் காட்டி மாட்டைப் பிடிக்கிறார்கள் என்றான் ஹோசியா, இங்கே பிடிபட்டவனே தானியமாகிவிட்டான்.

வேறு வேலைக்கு லாயக்கில்லாததால் ஜனாதிபதி தேர்தலில் நிற்கலாம் என்று முடிவு செய்கிறான். கொள்கை என்ன என்று எவனாவது கேட்டால் ‘மரக்கால்’ என்று சொல்லிவிடு என்கிறான். 1848 தேர்தலில், அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி நிறுத்தியதும் கடைசியில் ஜெயித்ததும் மெக்சிகோ போரின் நாயகன் சக்கரி டெய்லர் என்பதைச் சேர்த்துப் படித்தால் அது எங்கே போய்க் குத்துகிறது என்று புரியும்.

படி 6: ராபின்சன் பாட்டைப் பாடிப் பாருங்கள்

மூன்றாவது கவிதை. இதற்கு மட்டும் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1847 மாசசூசெட்ஸ் ஆளுநர் தேர்தல். ஆளுநர் பி என்பவர் விக் கட்சியின் ஜார்ஜ் பிரிக்ஸ், பதவியில் இருந்தவர். ஜெனரல் சி என்பவர் கேலப் குஷிங், மாசசூசெட்ஸ் படைப்பிரிவை மெக்சிகோவுக்கு நடத்திப் போனவர், எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர். ஜான் பி. ராபின்சன் என்பவர் விக் கட்சியிலிருந்து குஷிங் பக்கம் தாவிய வழக்கறிஞர்.

ஒவ்வொரு கண்ணியும் ஒரு நியாயத்தைச் சொல்லும், முடிவில் ‘பட் ஜான் பி. ராபின்சன் ஹீ’ என்று அந்தப் பெயர் பல்லவியாக வந்து விழும். ஆளுநர் நேராக உழுகிறவர், அடுத்தவன் உருளைக்கிழங்குப் பாத்தியில் மூக்கை நுழைக்காதவர், ஆனால் ராபின்சன் அவருக்கு ஓட்டுப் போட மாட்டாராம். ஜெனரலோ எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்தவர், ஆனாலும் ஒரே கட்சிக்கு உண்மையாக இருந்தவர், தன் கட்சிக்கு, தனக்கு. கடைசியில் போதகர் வருகிறார், அப்போஸ்தலர்கள் வால்கோட்டு மாட்டிக்கொண்டு முரசுக்கு முன்னால் அணிவகுத்துப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார். அதற்கு ராபின்சன் பதில்: யூதேயாவில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடவில்லை.

தேர்தலில் குஷிங் தோற்றார். அதற்குக் காரணம் இந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எளிய பல்லவியில் சிக்கிய பெயர் என்ன ஆகும் என்பதற்கு ராபின்சன் சாட்சி. அவர் செய்த வேறு எதுவும் இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

படி 7: நடுவில் உள்ளவற்றை வேகமாகக் கடக்கலாம்

நான்காவது, தெற்கத்தி எஜமானர்களுக்கு வளைந்துகொடுத்த வடக்கத்தி அரசியல்வாதியின் மேடைப்பேச்சு. அப்படிப்பட்டவர்களுக்கு ‘மாவுமூஞ்சி’ என்று அந்நாளில் பெயர், பிசைந்தபடி வளைவார்கள் என்று. ஐந்தாவது செனட் விவாதம். 1848 ஏப்ரலில் ‘பேர்ல்’ என்ற கப்பலில் வாஷிங்டனிலிருந்து 77 அடிமைகள் தப்பிக்க முயன்று பிடிபட்டதை ஒட்டி எழுதியது. அதில் அடிமை முறையை ஆதரித்த தெற்கத்தி செனட்டர் ஜான் கால்ஹூன் சொல்வதாக வரும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: நாங்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறோம், எப்போதும் எங்கள் குளம்புக்குக் கீழேதானே அது இருக்கிறது. ஆறாவதில் பேசுவது ஒரு பத்திரிகை ஆசிரியர், பாரிஸ் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருக்கும் விடுதலையில் அவருக்கு முழு நம்பிக்கை உண்டு. ஏழாவது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத ஜனாதிபதி வேட்பாளரின் கடிதம்.

படி 8: ஒரு கண்ணியையாவது உங்கள் பேச்சில் பெயர்த்துப் பாருங்கள்

புரிந்ததா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எழுத்துத் தமிழில் பெயர்த்தால் கவிதை செத்துப்போகும், ஒரு முறை செய்து பார்த்தாலே தெரியும். ‘போரை யான் கொலையென உரைப்பேன்’ என்று எழுதினால் அது சார்ஜென்டின் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

எந்த வட்டார வழக்கை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சினிமாவில் சிரிக்கவைக்கப் பயன்படுத்தும் வழக்கை எடுக்காதீர்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத ஊர்ப் பேச்சையும் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது உண்மையாகக் கோபம் வரும்போது என்ன பேச்சு வருமோ, அதை எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். சோளம், பில், வைக்கோல் முள், உருளைக்கிழங்குப் பாத்தி. ஹோசியா கையில் தொட்டுப் பழகிய பொருள்கள் இவை. பெயர்ப்பில் இவை பொதுச் சொல்லாக மாறினால் எங்கோ தவறிவிட்டீர்கள். எழுத்தைச் சிதைப்பதிலும் அளவு வேண்டும், காதில் மாறுகிற இடத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

படி 9: உறுத்தும் இடங்களில் கண்ணை மூடாதீர்கள்

கறுப்பின மக்களைப் பற்றிய இழிசொற்கள் இந்தப் புத்தகத்தில் வருகின்றன. சாவின், பத்திரிகை ஆசிரியர் போன்றவர்கள் வாயில் வரும்போது அது அவர்களைத் தோலுரிக்க. ஆனால் எல்லா இடத்துக்கும் அந்தச் சமாதானம் பொருந்தாது. முதல் கவிதையில் ஹோசியாவே மெக்சிகோக்காரர்களை ‘பாவப்பட்ட அரை ஸ்பானியச் சோம்பேறிகள்’ என்கிற மாதிரி ஒரு சொல்லால் கடந்துபோகிறான். அவர்களைக் கொல்வது பாவம் என்பவனே அவர்களைச் சமமாகப் பார்க்கவில்லை. சாவினுக்கு சால்ட்டியோவில் தெரிந்தது ஹோசியாவுக்குத் தெரியவே இல்லை. இதை மறைத்துவிட்டுப் புகழ எனக்கு மனமில்லை, இதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப்போடவும் மனமில்லை.

கவிதை போரை நிறுத்தவும் இல்லை. ஆனால் என்ன செய்தது என்பதை லோவெலே பதிவுசெய்திருக்கிறார். சொந்தப் பெயரில் எழுதியதை ஏறக்குறைய யாரும் படிக்காத காலத்தில், ஹோசியாவின் வரிகள் எங்கும் மறுபதிப்பாகின, பட்டறைச் சுவர்களில் குத்திவைக்கப்பட்டிருந்ததை அவரே பார்த்தார். ஒரு கச்சேரி இடைவேளையில், லோவெலால் இப்படியெல்லாம் எழுதவே முடியாது என்று யாரோ நிரூபித்துக்கொண்டிருந்ததையும் காதால் கேட்டார். விளையாட்டுக் கம்பு என்று நினைத்துக் கையில் எடுத்தது நிஜ ஆயுதம் என்று அப்போதுதான் உணர்ந்ததாக எழுதுகிறார்.

படி 10: இரண்டாம் தொடரின் பத்தாவது கவிதையைக் கடைசியாகப் படியுங்கள்

உள்நாட்டுப் போர்க் காலத்தில் லோவெல் மறுபடி ஹோசியாவை அழைத்துவந்தார், ‘அட்லாண்டிக் மன்த்லி’ பத்திரிகையில். இப்போது அவர் போருக்கு எதிரானவர் இல்லை. தெற்கு ஒரு வழி, நாம் ஒரு வழி என்று பிரிந்துபோகலாம் என 1846 இல் எழுதியவர், இப்போது நாடு பிரியக் கூடாது, அடிமை முறை ஒழிய வேண்டும் என்று வடக்கின் பக்கம் நிற்கிறார். அந்தப் போரில் அவருடைய சகோதர சகோதரிகளின் பிள்ளைகள் மூன்று பேர் செத்துப்போனார்கள்.

1865 இல் வந்த கவிதையில் ஹோசியா தன்னால் முன்னைப்போல் எழுத முடியவில்லை என்கிறான். வெளியே முரசுச் சத்தம் கேட்கிறது. முதல் கவிதையில் ‘அடி அடி’ என்று அவன் எதிர்த்து நின்ற அதே சத்தம்.

தடதடன்னு தெருவுல முரசு
போற சத்தம் கேக்குது,
அது பின்னால அன்னிக்கு நடந்த காலெல்லாம்
அசையாமக் கெடக்குறத நெனச்சு ஒக்காந்திருக்கேன்.

அடுத்து அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறான். மடியில் வைத்து வளர்த்தவர்கள், அழகானவர்கள், தைரியசாலிகள், ‘நாட் டு நோவின்’, அவ்வளவாக விவரம் தெரியாதவர்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பூசணம் பூத்த சோளத்துக்கு மாட்டாத மாட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் பயன்படுத்திய சொல்லும் ‘நோவின்’தான். இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த இரண்டு இடத்தையும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.